பத்தியமே மருந்தாகும் வியாதி

வியாதிக்கு மருந்து, மருந்துக்குத் துணையாகப் பத்தியம் என்பதே நம் வைத்தியர்கள் தொன்றுதொட்டுக் கைக்கொண்டுவந்த முறையாயினும், மாத்திரையோ ஊசியோ இல்லாமல் பத்தியம் ஒன்றே முழுச் சிகிச்சையாக அமைந்துவிட்ட வியாதி ஒன்று உண்டு. சீலியாக் என்று வைத்திய சாஸ்திரம் பெயரிட்டிருக்கும் அவ்வியாதி, கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தைச் சிலருடைய குடல் சகிக்க மாட்டாமையால் உண்டாவது. உலக ஜனத்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவரை அது பீடிக்கிறது.

குளூட்டன் இன்னதென்று காண ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரு பிடி மைதாவைக் கெட்டியாகப் பிசைந்து, சற்று ஊறவிட்டு, குழாயடியில் பிடித்துக் கசக்கிக் கழுவிக்கொண்டே இருந்தால், மாச்சத்து முழுவதும் வெண்ணிறமாகக் கரைந்தோடிவிட, இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்கும் சாம்பல் நிறப் பிசின் ஒன்று கையில் மிஞ்சும். இத்தாலியில், பொலோன்யா நகரத்துப் பெக்காரி என்ற பேராசிரியர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இவ்விதம் கழுவித்தான் அதைப் பிரித்துக் காட்டினார். பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கிழியாமல் மெல்லியதாக விரிவதும், ரொட்டி உப்பி எழுவதும் அந்தப் பிசினின் கைங்கரியமே.

நம் ஜீரண நீர்களால் குளூட்டனை முற்றிலும் அறுத்துவிட முடிவதில்லை. சில துண்டுகள் மிஞ்சியே நிற்கின்றன. பெரும்பாலோருக்கு அதனால் தீங்கு எதுவும் இல்லை. ஆனால், பரம்பரையாகச் சில மரபணுக்களைப் பெற்றவர்களுள் ஒரு பகுதியினருக்கு, குடலில் உள்ள என்சைம் ஒன்று அத்துண்டுகளைச் சற்றே மாற்றிவிட, சரீரத்தின் எதிர்ப்புச் சக்தி அவற்றைப் பகையென்று கருதித் தாக்கப் புகுந்து, தன் சொந்தக் குடற்சுவரையே புண்ணாக்கிவிடுகிறது. சிறுகுடலின் உட்புறம், வெல்வெட்டுத் துணியின் மேற்பரப்பைப் போல, ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குட்பட்ட எண்ணற்ற குடலுறிஞ்சிகளால் போர்த்தப்பட்டிருக்கிறது. அவை தேய்ந்து மழுங்கிவிட்டால், உண்ட உணவு எத்தனை உயர்ந்ததாயினும் அதன் சாரம் உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, குழந்தையின் வளர்ச்சி நின்றுபோதல், எலும்பு நலிதல் என்று அதன் விளைவுகள் பல. வயிற்றில் யாதொரு உபத்திரவமும் இன்றி, இரும்புச் சத்து மாத்திரைக்கும் அசையாத இரத்தசோகை மட்டுமே அடையாளமாக இருப்பவர்களும் உண்டு.

லண்டன் வைத்தியர் சாமுவேல் கீ, 1888-இல் இந்நோயைத் தெளிவாக வர்ணித்தபோதே, இது குணமாவதாயின் ஆகாரத்தினால்தான் குணமாக வேண்டும் என்று தீர்மானமாகக் கூறிவிட்டார். தினம் ஏறக்குறைய ஒரு லிட்டர் அளவு ஹாலந்துச் சிப்பி இறைச்சியைத் தின்று அதிசயமாகத் தேறிய குழந்தை ஒன்று, சிப்பிக் காலம் முடிந்ததும் மீண்டும் நலிந்ததையும், மறு வருஷம் அதைத் தொடவே மறுத்ததையும் அவர் பதிவு செய்திருக்கிறார். ஆனால், வழியைச் சரியாகக் காட்டிய அப்பெரியவரே, குற்றமற்ற அரிசியை விலக்கச் சொல்லி, மெல்லியதாக வாட்டிய ரொட்டியை அனுமதித்திருந்தார்!

உண்மைக் குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது பஞ்சம். ஹாலந்தில் ஹேக் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் பணிபுரிந்த வில்லெம் டிக்கே, ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தை தேறுவதாக ஒரு தாய் கூறியதைக் கேட்டு, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்தார் என்பர். 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மானியர் பிடியில் இருந்த நாட்டில் ரொட்டி அரிதாகி, ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த நாட்களில், ஊரெல்லாம் மெலிய இந்நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினர். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. அவர் 1950-இல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு, கோதுமையே காரணம் என்பதை நிலைநாட்டிற்று.

ஆகவே, சிகிச்சை அடுக்களைக்கு வந்து சேர்ந்தது. சப்பாத்தியே அன்றாட ஆகாரமாக உள்ள பஞ்சாபியைவிடத் தமிழர் இவ்விஷயத்தில் பாக்கியசாலிகள். இட்லி, பொங்கல், இடியாப்பம், ஆப்பம், கேழ்வரகுக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு எதற்கும் தடையில்லை. ரவை, சேமியா, மைதா, திருநெல்வேலி அல்வா ஆகியவற்றை விலக்க வேண்டும் என்பதும் எளிதில் விளங்கும். அழையாமல் நுழையும் கோதுமையே ஆபத்தானது. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். சத்துமாவிலும் மால்ட் பானங்களிலும் கோதுமையோ பார்லியோ இருக்கக்கூடும். மாவு மில்லில், கோதுமை அரைத்த கையோடு அதே இயந்திரத்தில் நம் கேழ்வரகைக் கொட்டினால், முன்னவர் மாவின் மிச்சம் நம் பாத்திரத்தில் விழும். குளூட்டன் அற்றது என்று விற்கப்படும் உணவில் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கலாகாது என்பது சர்வதேச அளவுகோல் என்றால், அந்த மிச்சம் எத்தனை பெரிய விஷயம் என்பது விளங்கும். எனவே, தானியத்தைக் கழுவி உலர்த்தி வீட்டு மிக்ஸியில் அரைப்பதும், ரவா தோசை வார்க்காத தனித் தோசைக்கல் வைத்துக்கொள்வதும், அரிசி மாவு சேர்த்த பெருங்காயத்தைத் தேடி வாங்குவதும், கிடைக்காவிடில் பூண்டையும் சீரகத்தையும் கொண்டு தாளிப்பதும் இங்கே வைத்தியத்தின் அங்கங்களே.

விலக்குவதோடு காரியம் முடிந்துவிடாது. வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பினால் இழந்த சத்து மீளாது. 100 கிராமில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் கொண்ட கேழ்வரகும், பயறு வகைகளும், எலுமிச்சைச் சாறு பிழிந்த கீரையும் தட்டில் இடம்பெற வேண்டும். பாலின் சர்க்கரையைச் செரிக்கும் என்சைம் குடலுறிஞ்சிகளின் நுனியில் சுரப்பதாகையால், புண் ஆறும்வரை பால் ஒவ்வாமல் போகலாம். அப்போதும் தயிரும் மோரும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சந்தேகம் தோன்றிய உடனே கோதுமையை நிறுத்திவிடுவதும் தவறு. இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே நிறுத்தினால் நோய் அகப்படாமல் போய்விடும்.

ஆயுள் முழுவதற்குமான இப்பத்தியத்தில் நோயாளியைச் சோதிப்பது நாக்கைவிட விருந்தே. ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்று வற்புறுத்துவது உபசாரம் அன்று. சாம்பாரில் என்ன பெருங்காயம் போட்டீர்கள் என்று விருந்தாளி கேட்டால், முகம் சுளிக்காமல் டப்பாவை எடுத்து வந்து காட்டுகிற வீட்டில்தான் அவர் நிம்மதியாக இலையில் கை வைக்க முடியும்.