சிவப்பின் மூன்று பொருள்கள்

நுழையும்முன்

இசைக் காணொளியில் தோன்றும் நிறங்களும் பொருள்களும் அழகுக்காக மட்டும் இடம்பெறுவன அல்ல. பாடல் சொல்லாமல் விடுவதை அவை குறிப்பால் உணர்த்துகின்றன. அக்குறிப்பை அறிந்துகொள்வதும் வாசிப்பின் ஒரு வகையே ஆகும்.

காட்சி மரபு

1981 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவில் எம்டிவி அலைவரிசை தொடங்கப்பட்டது. இசைக் காணொளிகளைத் தொடர்ந்து ஒளிபரப்பிய அவ்வலைவரிசையால் பாடலைக் காட்சியாக்கும் கலை விரைந்து வளர்ந்தது. பாப், கன்ட்ரி, ஹிப்ஹாப் முதலிய இசைவகைகள் தமக்கெனக் காட்சி மரபுகளை உருவாக்கிக்கொண்டன. ஒரே குறியீடு இம்மரபுகளில் வெவ்வேறு பொருள் தரும். சிவப்பு நிறத்தைக் கொண்டு இதனை அறியலாம்.

அச்சமும் ஆட்டமும்

மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ காணொளி 1983இல் வெளிவந்தது. ஜான் லாண்டிஸ் இயக்கிய இது, ஏறத்தாழ 14 நிமிடங்கள் நீளும் திகில் கதையாகும். கல்லறைகளிலிருந்து எழும் பிணங்கள் நிறம் மங்கிய கந்தல் உடைகளில் வருகின்றன. அவற்றின் நடுவே நாயகனின் மேற்சட்டை மட்டும் செக்கச்சிவந்து விளங்குவதால், இருளிலும் கண்கள் அவரையே தொடர்கின்றன. குருதியை நினைவூட்டும் சிவப்பு இங்கு ஆட்டத்தின் துடிப்பாகிறது. அச்சமும் கொண்டாட்டமாக மாறிவிடுகிறது.

முதுமையின் விருந்து

கன்ட்ரி இசைப் பாடகர் ஜானி கேஷ், ‘நைன் இன்ச் நெய்ல்ஸ்’ குழுவின் ‘ஹர்ட்’ பாடலை 2002இல் தம் குரலில் வெளியிட்டார். மார்க் ரோமனெக் இயக்கிய அதன் காணொளியில், முதுமையால் தளர்ந்த பாடகர் உணவு நிறைந்த மேசைமுன் அமர்ந்திருக்கிறார். அவருடைய இளமைக்காலக் காட்சிகள் இடையிடையே தோன்றி மறைகின்றன. கோப்பையிலுள்ள செந்நிற மதுவை அவர் உணவின்மீது ஊற்றுகிறார். இறுதியில் பியானோவின் மூடியைச் சாத்துகிறார். இங்குச் சிவப்பு, சிந்திப்போன வாழ்வைக் குறிக்கிறது. 2003 செப்டம்பரில் அவர் மறைந்தபின், அம்மூடி சாத்தப்படும் காட்சி விடைபெறலாகவே தோன்றுகிறது.

துணியும் துப்பாக்கியும்

‘சைல்டிஷ் கம்பீனோ’ என்னும் பெயரில் பாடிய டொனால்ட் குளோவரின் ‘திஸ் இஸ் அமெரிக்கா’ காணொளியை 2018இல் ஹிரோ முராய் இயக்கினார். பாடகர் ஒருவரைச் சுட்டுக் கொன்றதும், துப்பாக்கி சிவப்புத் துணியில் பக்குவமாகப் பெற்றுக்கொள்ளப்படுகிறது. இறந்தவரின் உடலோ தரையில் இழுத்துச் செல்லப்படுகிறது. உயிரைவிடக் கருவி போற்றப்படும் அவலத்தை அத்துணி சுட்டுகிறது. பின்னர்ச் சீருடை அணிந்த மாணவர்களோடு பாடகர் ஆடுகிறார். பின்புலத்தில் கலவரம் நிகழ்கிறது. ஆட்டத்தில் மயங்கும் கண்கள் கலவரத்தை எளிதில் தவறவிடுகின்றன. பார்ப்பவரின் அக்கவனக்குறைவையும் சேர்த்தே காணொளி குற்றம்சாட்டுகிறது.

நிறைவாக

மேற்சட்டை, மது, துணி ஆகிய மூன்றும் சிவப்பே. ஆயினும் இசைவகையின் மரபும் அருகில் நிற்கும் பொருளும் மாறுவதால் சிவப்பு தரும் பொருளும் மாறுகிறது. முதன்முறை காணும்போது கண்கள் இயக்குநர் காட்டிய வழியில் செல்கின்றன. மீண்டும் காணும்போதுதான், கண்கள் எங்கு ஈர்க்கப்பட்டன, எது பின்னால் விடப்பட்டது என்னும் வினாக்கள் எழுகின்றன. அவ்வினாக்களே பார்ப்பவரைத் தேர்ந்த வாசகராக்குகின்றன.