அமேசான் அசோசியேட்ஸ்: வலைப்பதிவும் தரகு வருவாயும்

அமேசான் அசோசியேட்ஸ் என்பது அமேசான் இணைய அங்காடி நடத்தும் இணைச் சந்தைப்படுத்தல் திட்டம் ஆகும். இதில் சேர்ந்த வலைப்பதிவர் ஒரு பொருளைப் பற்றி எழுதி, அப்பொருள் விற்கப்படும் பக்கத்துக்கு இணைப்பு தருகிறார். அந்த இணைப்பின் வழியே சென்ற வாசகர் பொருள் வாங்கினால், விற்பனைத் தொகையில் ஒரு பங்கு பதிவருக்குத் தரகாகக் கிடைக்கிறது. இவ்வகை இணைப்பு அஃபிலியேட் இணைப்பு எனப்படும். தரகை அங்காடி தருகிறது. வாசகர் இதற்கென்று தனியாக எதுவும் செலுத்துவதில்லை.

சாதாரண இணைய விளம்பரத்தில், அது பார்க்கப்பட்டாலோ சொடுக்கப்பட்டாலோ பதிவருக்குப் பணம் சேரும். இத்திட்டத்தில் விற்பனை நடந்தால் மட்டுமே பணம். எனவே பதிவரின் வருவாய், அவர் சொல்லை வாசகர் எவ்வளவு நம்புகிறார் என்பதைப் பொறுத்தே அமைகிறது.

வரலாறு

விற்றுத் தருபவருக்குத் தரகு கொடுப்பது மிகப் பழைய வணிக வழக்கம். இணையத்தில் இதை முதலில் நடத்தியவர்களுள் ஒன்று சிடிநவ் என்ற அமெரிக்க இசைத்தட்டு விற்பனை நிறுவனம். இசை பற்றி எழுதும் தளங்கள் தன் விற்பனைப் பக்கத்துக்கு இணைப்பு தரும் முறையை அது 1994இல் தொடங்கியது.

1995 சூலையில் புத்தகக் கடையாக இணையத்தில் திறக்கப்பட்ட அமேசான், 1996 சூலையில் தன் அசோசியேட்ஸ் திட்டத்தை அறிமுகப்படுத்தியது. தோட்டக்கலை பற்றி எழுதுபவர் தோட்டக்கலை நூல்களையும், சமையல் பற்றி எழுதுபவர் சமையல் நூல்களையும் தம் தளத்திலேயே பரிந்துரைக்க இது வழி செய்தது. 2000 பிப்ரவரியில் இம்முறைக்கு அமேசான் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றது. அமேசானின் இந்தியத் தளம் 2013 சூனில் தொடங்கியது. இந்தியாவுக்கும் தனி அசோசியேட்ஸ் திட்டம் உண்டு.

செயல்படும் விதம்

திட்டத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளக் குறி வழங்கப்படுகிறது. அமேசானில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் 10 எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு உண்டு. பொருளின் குறியீடும் பதிவரின் குறியும் சேர்ந்த முகவரியே அஃபிலியேட் இணைப்பு. வாசகர் அதைச் சொடுக்கியதும், அவர் எவர் வழியாக வந்தார் என்பதைக் குறிக்கும் குக்கி என்னும் சிறு கோப்பு அவருடைய உலாவியில் பதிகிறது.

இக்கணக்கின் ஆயுள் 24 மணி நேரம். அதற்குள் வாசகர் வாங்கினால் தரகு உண்டு; மறுநாள் மாலை நினைவு வந்து நேரடியாகத் தளத்துக்குப் போய் வாங்கினால் இல்லை. இடையில் வேறொரு பதிவரின் இணைப்பைச் சொடுக்கினால், தரகு அவருக்குப் போய்விடும். மறுபுறம், வாசகர் இணைப்பில் காட்டிய பொருளையேதான் வாங்க வேண்டும் என்பதில்லை. அகராதிக்கான இணைப்பில் நுழைந்தவர் மின்விசிறி வாங்கினாலும் அது கணக்கில் வரக்கூடும்.

பொருள் திருப்பி அனுப்பப்பட்டால் தரகு கழிக்கப்படும். இதனால் பணம் உடனே கைக்கு வராது. விற்பனை நடந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாட்களுக்குப் பின்னரே வழங்கப்படும்.

ஒவ்வொரு நாட்டின் திட்டமும் தனித்தனியானது என்பதைத் தமிழ்ப் பதிவர்கள் குறிப்பாக அறிந்திருக்க வேண்டும். தமிழ் வாசகர்கள் பல நாடுகளில் பரவியிருக்கிறார்கள். இந்தியத் தளத்துக்கான இணைப்பைப் பார்த்துவிட்டு, டொராண்டோவில் இருப்பவர் கனடாத் தளத்தில் தேடி வாங்கினால், இந்தியக் கணக்கில் எதுவும் சேராது.

ஒரு கணக்கு

எவ்வளவு வருவாய் வரும் என்பதை எளிய கணக்கு ஒன்றால் விளங்கிக்கொள்ளலாம். கீழுள்ள எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவையே.

ஒரு பதிவை 1,000 பேர் படிக்கிறார்கள். அவர்களில் 50 பேர் இணைப்பைச் சொடுக்குகிறார்கள். அந்த 50 பேரில் 2 பேர் தலா 500 ரூபாய்க்குப் புத்தகம் வாங்குகிறார்கள். விற்பனை 1,000 ரூபாய். தரகு 5 விழுக்காடு எனில், கிடைப்பது 50 ரூபாய். அதாவது ஒரு வாசகருக்கு 5 பைசா. இதே விகிதத்தில் மாதம் 5,000 ரூபாய் வேண்டுமென்றால், மாதம் 1,00,000 பேர் படிக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல், வேலையையோ படிப்பையோ விட்டுவிட்டு இதில் இறங்குவது அறிவுடைமை ஆகாது. "வீட்டில் இருந்தபடியே மாதம் லட்சம்" என்று கட்டணம் வாங்கிப் பயிற்சி நடத்துபவர்களிடமும் இக்கணக்கைத்தான் கேட்க வேண்டும். இத்திட்டத்தில் சேர அமேசானுக்குக் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை.

விதிகள் அங்காடியின் கையில்

புதிதாகச் சேர்ந்தவர் 180 நாட்களுக்குள் குறைந்தது 3 விற்பனைகளுக்குக் காரணமாக இருக்க வேண்டும். இல்லையேல் கணக்கு மூடப்படும். தம் இணைப்பின் வழியே தாமே வாங்குவதற்குத் தரகு கிடையாது. பொருளின் விலையைப் பதிவில் கையால் எழுதி வைக்கக் கூடாது. விலை மாறினால் வாசகர் ஏமாறுவார் என்பது காரணம்.

தரகு விகிதத்தையும் அங்காடியே தீர்மானிக்கிறது. 2020 ஏப்ரலில், கொரோனாப் பரவலால் மக்கள் வீட்டுக்குள் முடங்கியிருந்த வேளையில், அமேசான் தன் அமெரிக்கத் திட்டத்தின் விகிதங்களைக் குறைத்தது. அறைகலன்களுக்கான தரகு 8 விழுக்காட்டிலிருந்து 3 ஆகவும், மளிகைப் பொருட்களுக்கானது 5 விழுக்காட்டிலிருந்து 1 ஆகவும் இறங்கின. அதே பதிவு, அதே வாசகர்கள், அதே விற்பனை. வருவாய் மட்டும் சரிந்தது.

2011இல் கலிபோர்னியா மாநிலம், அங்குள்ள பதிவர்கள் வழியாக விற்கும் இணைய அங்காடிகள் விற்பனை வரி வசூலிக்க வேண்டும் எனச் சட்டம் இயற்றியது. அமேசான் உடனே அம்மாநிலப் பதிவர்களுடனான ஒப்பந்தங்களை முடித்துக்கொண்டது. சில மாதங்களில் அரசுடன் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவர்களை மீண்டும் அழைத்தது. தம் தவறு எதுவும் இல்லாமலே அவர்கள் இடைப்பட்ட காலத்து வருவாயை இழந்தார்கள்.

வெளிப்படையாகச் சொல்லும் கடமை

பரிந்துரைப்பவருக்குப் பணம் கிடைக்கிறது என்பது வாசகர் அறிய வேண்டிய செய்தி. அமெரிக்காவில் கூட்டாட்சி வணிக ஆணையம் 2009இல் திருத்திய வழிகாட்டு நெறிகள், பொருளைப் பரிந்துரைக்கும் வலைப்பதிவர்கள் விற்பவரோடு தமக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. இந்தியாவில் விளம்பரத் தர நிர்ணய மன்றம் 2021இலும், ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2023இலும் இதற்கான நெறிகளை வெளியிட்டன. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019இன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம்.

இத்திட்டத்தில் சேர்ந்தவர்கள் தாம் தரகு பெறுவதைத் தம் தளத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பது அமேசானின் சொந்த விதியும் ஆகும். இந்த அறிவிப்பைப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதைவிட, பதிவின் தொடக்கத்தில் ஒரு வரியாகச் சொல்வதே முறை.

குறுக்கு வழிகளின் முடிவும் நினைவில் கொள்ளத்தக்கது. வாசகர் இணைப்பைச் சொடுக்காமலே அவருடைய உலாவியில் குக்கியைப் புகுத்தி, ஈபே நிறுவனத்திடம் தரகு பெற்ற இருவர்மீது அந்நிறுவனம் 2008இல் வழக்குத் தொடுத்தது. பின்னர் குற்றவியல் வழக்கிலும் அவர்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2014இல் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

நம்பிக்கையால் வளர்ந்த ஒரு தளம்

2011இல் பிரையன் லாம் என்ற அமெரிக்க இதழாளர் வயர்கட்டர் என்னும் தளத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு வகைப் பொருளிலும் பலவற்றை ஒப்பிட்டுச் சோதித்து, பெரும்பாலோருக்கு எது பொருந்தும் என்று சொல்வதே அதன் பணி. பொருளில் உள்ள குறைகளையும் பரிந்துரையோடு சேர்த்தே எழுதியது. அதன் வருவாயில் பெரும்பகுதி அஃபிலியேட் இணைப்புகளிலிருந்து வந்தது. 2016இல் நியூயார்க் டைம்ஸ் நிறுவனம் அத்தளத்தை ஏறத்தாழ 3 கோடி டாலருக்கு வாங்கியது. வாங்காதே என்று சொல்லும் துணிவு உள்ளவர் வாங்கு என்று சொன்னால் அது கேட்கப்படும் என்பதற்கு இத்தளம் நல்ல சான்று.

தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

திட்டத்தில் சேருவது ஓர் ஒப்பந்தம். இந்தியச் சட்டப்படி 18 வயது நிறைந்தவரே ஒப்பந்தம் செய்ய இயலும். கிடைக்கும் தரகு வருமானமாகவே கருதப்படும். வரிக் கணக்கில் காட்ட வேண்டும்.

தமக்குத் தெரிந்த துறையைப் பற்றி எழுதுவது நல்லது. தேர்வுக்குப் படித்தவர் தாம் பயன்படுத்திய நூல்களைப் பற்றியும், தையல் தெரிந்தவர் தம் இயந்திரத்தைப் பற்றியும் எழுதலாம். பொருளின் குறையை மறைக்காமல் எழுத வேண்டும். தரகு அதிகம் என்பதற்காக ஒன்றைப் பரிந்துரைக்கக் கூடாது. நூலகத்தில் கிடைக்கும் புத்தகத்தை வாங்கச் சொல்லும்போது, நூலகத்தில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால் ஒரு தரகு போகலாம். வாசகர் மறுபடியும் வருவார்.

தரகு விகிதம் குறையலாம், கணக்கு மூடப்படலாம், திட்டமே நிறுத்தப்படலாம். இவை எதுவும் பதிவரின் கையில் இல்லை. எழுதிய பதிவுகளும் அவற்றை நம்பிப் படிக்கும் வாசகர்களும்தான் அவருக்கு நிலையான முதல். இணைப்புகளை எல்லாம் எடுத்துவிட்டாலும் படிக்கத் தக்கதாக இருக்கும் பதிவே, இணைப்போடு இருக்கும்போதும் வருவாய் தரும்.