நெய் காய்ச்சுவது போல ஒரு மணவிலக்கு

வெண்ணெயைச் சட்டியில் போட்டு, அடுப்பை முழுத் தீயில் வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்ப் பாருங்கள். கசண்டு கருகி, நெய் முழுக்கக் காந்தல் வாடை ஏறிவிடும். அதே வெண்ணெயைச் சிறுதீயில் உருக்கினால் கசண்டு தானாக அடியில் தங்கும், மேலே நெய் தெளிந்து நிற்கும். இனிச் சேர்ந்து வாழ முடியாது என்று முடிவு செய்துவிட்ட தம்பதிக்கும் இந்த இரண்டு வழிகள்தான் உண்டு.

முழுத் தீ என்பது எதிர்த்து நடத்தும் வழக்கு. இந்து திருமணச் சட்டத்தின் 13ஆம் பிரிவில் மணவிலக்குக் கேட்பவர் கொடுமை, கைவிடல் போன்ற ஒரு காரணத்தை நிரூபித்தாக வேண்டும். அதற்காக ஒருவர் மற்றவரின் குறைகளையெல்லாம் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். ஜீவனாம்சத்துக்கு ஒரு மனு, குழந்தைக்கு ஒரு மனு என்று வாய்தாக்கள் ஆண்டுக்கணக்கில் நீளும். சிறுதீ என்பது 1976இல் அதே சட்டத்தில் சேர்க்கப்பட்ட 13பி பிரிவு, அதாவது பரஸ்பர சம்மத மணவிலக்கு. சிறப்புத் திருமணச் சட்டத்திலும், 2001 முதல் கிறிஸ்தவர்களுக்கான சட்டத்திலும் இதற்கு இடமுண்டு.

அடுப்பில் ஏற்றும் முன்

13பி பிரிவில் மனுப் போடுவதற்கு முன் இருவரும் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாக வாழாமல் இருந்தாலும் அது பிரிந்து வாழ்வதுதான் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது.

சடசடப்பு அடங்கும் வரை

உருகும் வெண்ணெய் சடசடக்கும். அதிலுள்ள தண்ணீர் ஆவியாகும் சத்தம் அது. சமரசப் பேச்சின் முதல் அமர்வுகளும் அப்படித்தான் இருக்கும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005இலேயே சமரச மையம் தொடங்கிவிட்டார்கள். சமரசர் இருவரையும் சேர்த்து உட்கார வைப்பார், பிறகு தனித்தனியாகவும் கேட்பார். அங்கே பேசியதை நாளை நீதிமன்றத்தில் சாட்சியமாக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் மனதில் கிடப்பது வெளியே வருகிறது. வந்து தீர்ந்த பிறகே கணக்குப் பேச முடியும்.

கசண்டை வடிகட்டுவது

ஒப்பந்தம் எழுதும் இடத்தில் அவசரமே கூடாது. “குழந்தையின் படிப்புச் செலவைத் தந்தை கவனித்துக்கொள்வார்” என்று ஒரு வரி எழுதினால் அடுத்த ஜூனில் சண்டை நிச்சயம். கல்விக் கட்டணம் மட்டுமா, பள்ளி வேன், சீருடை, டியூஷனும் சேர்த்தா? எந்தத் தேதிக்குள், யார் கணக்கில்? கோடை விடுமுறையின் முதல் பாதி யாரிடம், தீபாவளி யாரிடம்? சீராக வந்த பாத்திரங்களும் நகைகளும் எந்த நாளில், யார் முன்னிலையில் கைமாறும்? இத்தனையும் எழுத்தில் இருக்க வேண்டும். வரதட்சணைக் கொடுமை வழக்கு நிலுவையில் இருந்தால், வாபஸ் என்று எழுதிக் கையெழுத்திட்டால் போதாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத்தான் அதை ரத்து செய்ய வேண்டும். குழந்தைக்குச் சேர வேண்டியதைப் பெற்றோர் தமக்குள் பேசி விட்டுக்கொடுத்துவிடவும் முடியாது.

ஆறவிடுவது

மனுவைத் தாக்கல் செய்த நாளிலிருந்து 6 மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து சம்மதம் சொல்ல வேண்டும். நீண்ட காலம் பிரிந்திருந்து, சமரசம் பலிக்காமல், ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் முடிவாகியிருந்தால் நீதிமன்றம் அந்த 6 மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பாணை வரும் வரை ஒருவர் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை பல வீடுகளில் இங்கேதான் நடக்கிறது. பெரும்பாலும் ஒப்பந்தத்தில் பேசாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கூரை பற்றி எரியும் வீட்டில் யாரும் நெய் காய்ச்ச மாட்டார்கள். அடி உதை இருக்கும் வீட்டில் முதல் வேலை, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை வாங்குவது. பயந்து தரும் சம்மதத்தைச் சம்மதம் என்று சொல்ல முடியாது.

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்பார்கள். ஜீவனாம்சம் எவ்வளவு, பிள்ளை எந்த நாளில் யாரிடம் என்று தீர்மானிக்கத் தேவையானதெல்லாம் அந்த இருவருக்குத்தான் தெரியும். நீதிபதிக்குத் தெரிவது அவர்கள் தாக்கல் செய்யும் காகிதங்கள் மட்டுமே. தண்ணீர் வற்றக் காய்ச்சிய நெய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். கோபம் வற்றிய பிறகு எழுதிய ஒப்பந்தமும் அப்படித்தான். பள்ளி ஆண்டு விழாவில் மேடையேறும் மகள் கூட்டத்தில் அம்மாவைத் தேடுவாள், அப்பாவையும் தேடுவாள். இருவரும் வந்திருக்க வேண்டும்.