மணலியிலிருந்து தணிகைக்கு
பட்டணத்தின் வடபுறம் – 17

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளைப் பின்னே விட்டு, ஊத்துக்கோட்டை, நாகலாபுரம் மார்க்கமாக மலையடிவாரம் வரை வந்து நின்றது நேயர்களுக்கு நினைவிருக்கும். பல்லவ மன்னன் ஒருவனுடைய வெண்பாவைத் திருத்தணியில் காட்டுவதாக வாக்களித்திருந்தேன். ஆயினும், இந்த வாரம் முழுவதும் மணலி என்னும் ஊர் என் சிந்தையை விட்டு அகலவில்லை. பத்திரிகை அச்சேறும் நாள் நெருங்கிவிட்ட இவ்வேளையில் அதைச் சொல்லாமல் மலைமீது ஒரு படிகூட ஏற எனக்கு மனம் ஒப்பவில்லை.

மணலி என்றவுடன் இன்று யாவருக்கும் தோன்றுவது, 1969-இல் இயங்கத் தொடங்கிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும், அதை அடுத்து எழுந்த உரத் தொழிற்சாலையும், இரவிலும் அணையாத புகைபோக்கித் தீயுமே ஆகும். அண்மைக் காலம் வரை திருவள்ளூர் மாவட்டத்துக்கு உட்பட்டிருந்த அவ்வூரில், பதினெட்டாம் நூற்றாண்டில், கவர்னர் பிகாட்டின் துபாஷாக விளங்கிய முத்துக்கிருஷ்ண முதலியார் என்னும் பிரபு, வித்வான்களைத் தேடிப் பிடித்துப் போஷித்து வந்தார். சீர்காழி அருணாசலக் கவிராயருடைய இராம நாடகக் கீர்த்தனைகளுக்கு ஆதரவு தந்தவர் அவரே. திருவாரூரிலிருந்த இராமசுவாமி தீக்ஷிதரைக் குடும்பத்தோடு மணலிக்கு வருவித்தவரும் அவரே. அந்தத் தந்தையோடு வந்த பிள்ளைகளுள் மூத்தவரே சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவராகிய முத்துசுவாமி தீக்ஷிதர் என்பதையும், பாலியம் கடந்து யௌவனத்தை எய்திய பருவத்தில் அவர் நடமாடிய மண் இன்று எண்ணெய்க் குழாய்கள் ஓடும் அந்த மண்ணே என்பதையும் எண்ணும்போது எனக்கு மெய் சிலிர்க்கிறது.

இன்னும் ஒரு செய்தி உண்டு. முத்துக்கிருஷ்ண முதலியாருக்குப் பின் அவருடைய குமாரர் சின்னைய முதலியார் என்னும் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அக்குடும்பத்தை அன்போடு ஆதரித்து வந்தார். கோட்டைக்குள் நுழைந்து வரும் செல்வாக்கு அவருக்கு இருந்தமையால், தீக்ஷிதர் சகோதரர்களுக்கு ஆங்கிலேயருடைய பாண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிட்டிற்று. அந்த மெட்டுக்களுக்கு முத்துசுவாமி தீக்ஷிதர் ஸம்ஸ்கிருத ஸாஹித்யம் இயற்றினார். நோட்டு ஸ்வரம் என்று வழங்கும் அவை ஏறத்தாழ நாற்பது இன்றும் குழந்தைகளால் பாடப்படுகின்றன. ஆங்கிலேய மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டே ‘ஸந்ததம் பாஹிமாம்’ என்று சியாமளாதேவியின் துதியாக மாறிற்று. தம்பி பாலுசுவாமி தீக்ஷிதரோ ஐரோப்பிய வித்வான் ஒருவரிடம் பிடில் கற்று, நம் இராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். இன்று பிடில் இல்லாமல் ஒரு கச்சேரியை நம்மால் நினைத்துப் பார்க்க முடியுமா? உலகெங்கும் தமிழர் கூடும் சபைகளில் ஒலிக்கும் அந்த வாத்தியம் நம் சங்கீதத்துக்குள் வந்த வழிகளுள் முதன்மையானது மணலி என்பதை, அவ்வூர்ப் பள்ளிகளில் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டுமென்று நான் மனமார விரும்புகிறேன்.

பிறகு சிதம்பரநாத யோகி என்னும் மகான் மணலிக்கு வந்து, முத்துசுவாமியைக் காசிக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவருக்குப் பணிவிடை செய்து, மந்திரோபதேசம் பெற்று, குரு ஸித்தியடைந்த பின் மணலிக்குத் திரும்பிய சிஷ்யர், அதிக காலம் வீட்டில் தங்காமல், மேற்றிசையில் இருந்த தணிகை மலைக்குப் புறப்பட்டார். அங்கே தியானத்தில் அமர்ந்திருக்கையில் முதியவர் ஒருவர் தோன்றி, வாயைத் திறக்கச் சொல்லிக் கற்கண்டை இட்டு மறைந்தார் என்றும், அக்கணமே ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்னும் முதல் கிருதி பிறந்தது என்றும் சம்பிரதாயம் கூறுகிறது. அந்தக் கிருதியின் இராகம் மாயாமாளவகௌளை. சரளி வரிசை பயிலும் குழந்தை முதன்முதலில் வாய் திறக்கும் இராகமும் அதுவே. அக்கிருதி முதல் வேற்றுமையில் அமைந்தது. ஆனந்தபைரவி, பாடி, சாமா, பலஹம்ஸா, பூர்வி, பானுமதி, உதயரவிசந்திரிகை என்று வெவ்வேறு இராகங்களில் ஏனைய வேற்றுமைகளுக்கும் அவர் கிருதிகள் செய்தார். பிற்காலத்தில் நூற்றுக்கணக்கான கிருதிகளில் அவர் பொறித்த ‘குருகுஹ’ முத்திரை இந்த மலையில் பிறந்ததே.

சென்டிரலிலிருந்து மின்சார ரயிலேறி, அரக்கோணத்தில் வடக்கே திரும்பினால் திருத்தணி. பட்டணத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரந்தான். 1960 ஏப்ரல் 1 அன்று, ம. பொ. சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, சித்தூர் ஜில்லாவிலிருந்து நம் மாநிலத்துக்கு வந்து சேர்ந்த ஊர் இது. ஒரு புறம் வெண்மையாகத் தோன்றும் பச்சரிசி மலை, மறுபுறம் கறுத்த பிண்ணாக்கு மலை, இடையே 365 படிகள். மோட்டார்ப் பாதையும் உண்டென்றாலும், சரவணப் பொய்கையிலிருந்து படி வழியே ஏறுவதே உத்தமம். வெள்ளைக்காரத் துரைமார்களுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லச் செல்லும் வழக்கத்தைக் கண்டு மனம் வருந்திய வள்ளிமலை சுவாமிகள், டிசம்பர் 31 இரவில் படிக்கொரு திருப்புகழ் பாடித் தணிகைத் துரையை வணங்கும் படித் திருவிழாவைத் தொடங்கி வைத்தார். அத்திருப்புகழையே ஏட்டிலிருந்து தேடி அச்சேற்றியவர் முன்சீபாக இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை. அவருடைய மைந்தர் செங்கல்வராய பிள்ளைக்குத் ‘தணிகைமணி’ என்னும் பட்டம் வாய்த்தது. சென்னையில் ஏழுகிணறு வீராசாமித் தெருவில், கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி அமர்ந்த இளைஞர் இராமலிங்கருக்கு அதில் தோன்றியதும் தணிகைப் பெருமானே. பட்டணத்துக் கலைஞனுக்கும் ஞானிக்கும் வாய் திறந்து கொடுத்த மலை இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பட்டணமும் ஆலைப்பேட்டைகளும் பெருகப் பெருக, இம்மலையோடு அவற்றுக்குள்ள உறவை நாம் அதிகமாகப் பேச வேண்டும் என்பதே என் ஆசை.

வெண்பாவுக்கு இனி இடமில்லை. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அபராஜித பல்லவனுடைய 18-ஆம் ஆட்சியாண்டில், நம்பி அப்பி என்பவர் ஊரின் வீரட்டானேசுவரர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பினார். அதன் விமானம் யானையின் முதுகைப் போல் பின்புறம் வளைந்திருக்கும். அந்தக் கல்லில், அரசனே பாடியது என்ற குறிப்போடு வெண்பா பொறிக்கப்பட்டிருக்கிறது. அதைப் பொருளோடு அடுத்த வாரம் வாசிப்போம். அங்கிருந்து திருவாலங்காட்டு இரத்தின சபைக்கும் போக வேண்டியிருக்கிறது.