உஷார்! கழுத்துக் கட்டி துடிக்கிறதா? மூளையையும் ஸ்கேன் எடுங்கள்!

தாடைக்குக் கீழே, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வீக்கம். விரல் வைத்துப் பார்த்தால் நாடியோடு சேர்ந்து துடிக்கிறது. 'நெறி கட்டியிருக்கு' என்று பற்றுப் போட்டு நாளைக் கடத்தாதீர்கள். அமுக்கி உருவிவிடவே கூடாது! மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியின் சுவர் பலவீனமாகிப் புடைத்திருக்கலாம். 'அனியூரிசம்' என்பது இதுதான். அபூர்வமான நோய், அதனாலேயே சுலபமாகத் தவறவிடப்படுகிறது. சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறினால் உயிரே போகலாம்.

இது வெடிப்பது அரிது. மூளைக்குத்தான் ஆபத்து அதிகம். புடைத்த இடத்தில் ரத்தம் தேங்கி உறையும். அதிலிருந்து ஒரு துணுக்கு மேலே போய் அடைத்தால் பக்கவாதம். சில துணுக்குகள் எந்த அறிகுறியும் காட்டாமலே மூளையில் சிறு சிறு இடங்களைச் சாகடித்துவிடும்.

கழுத்து டாப்ளர் ஸ்கேன் மூளையில் நடந்த இந்தச் சேதத்தைச் சொல்லாது. சாதாரண சி.டி.யில்கூட முதல் சில மணி நேரம் ஒன்றும் தெரியாமல் போகலாம். டிஃப்யூஷன் முறையுடன் எம்.ஆர்.ஐ. எடுத்தால் புது அடைப்பு பளிச்சென்று தெரியும். அதே எம்.ஆர்.ஐ.யின் ஃப்ளேர் படம் பழைய தழும்புகளைக் காட்டும். கூடவே ஆஞ்சியோகிராம் எடுத்தால் தலைக்குள் இன்னொரு அனியூரிசம் இருக்கிறதா, சிகிச்சைக்காக ஒரு பக்கத் தமனியை மூடினால் மறுபக்க ரத்தம் ஈடுகட்டுமா என்பதும் புலப்படும். லண்டனில் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1805இல் இப்படிப்பட்ட தமனியைக் கட்டியபோது நோயாளி பிழைக்கவில்லை. 1808இல் இன்னொருவர் பிழைத்தார். யாருக்குத் தாங்கும் என்று முன்கூட்டிப் பார்க்க அன்று வழியில்லை. இன்று இருக்கிறது!

விபத்தில் கழுத்தில் அடிபட்டவர்கள், கழுத்தில் அறுவை சிகிச்சையோ கதிர்வீச்சோ செய்துகொண்டவர்கள், மார்ஃபான் என்ற பரம்பரை நோய் உள்ள குடும்பத்தினர் கூடுதல் கவனமாக இருங்கள். சலூனில் கழுத்தைச் சொடக்கு எடுக்கச் சொல்லாதீர்கள். தமனியின் உட்சுவர் கிழியலாம்.

ஒரு கண்ணில் திடீரென்று பார்வை மறைவது, வாய் கோணுவது, கை மரப்பது, பேச்சு குழறுவது – ஐந்து நிமிடத்தில் சரியானாலும் 108ஐ அழையுங்கள். உறைவைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே கெடு.

கழுத்து ரிப்போர்ட்டில் அனியூரிசம் என்று வந்ததா? 'மூளைக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்கணுமா டாக்டர்?' என்று கேட்காமல் எழுந்து வராதீர்கள். உடலில் பேஸ்மேக்கர் இருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.