கணக்கு ஏன் தாழ்ந்தது? சோதனை ஏன் உயர்ந்தது?

நிறையெண் 65 கொண்ட செம்பின் அணுக்கருவைப் புரோட்டான் தாக்கும்போது, ஒரு நியூட்ரான் வெளிப்பட்டு, 244 நாள் அரை ஆயுளுடைய துத்தநாகம்-65 பிறக்கிறது. இவ்விளைவு எந்தச் சக்தியில் எவ்வளவு நிகழும் என்பதை அறிய, மெல்லிய செம்புத் தகடுகள் பலவற்றை அடுக்கி, ஒவ்வொரு தகட்டிலும் சிறிது சக்தியை இழந்தே புரோட்டான் அடுத்ததைச் சேர்கிறது என்ற உண்மையைத் துணைகொண்டு, ஒரே தாக்குதலில் பல சக்திகளுக்குரிய அளவுகளை, தகடுகள் உமிழும் காமாக் கதிரிலிருந்து விஞ்ஞானிகள் பெற்றுவிடுகிறார்கள்.

கணக்கோ வேறு வழியில் வருகிறது. நீல்ஸ் போர் 1936-இல் கூறியபடி, உட்புகுந்த புரோட்டான் தன் சக்தியை எல்லாத் துகள்களுக்கும் பங்கிட்டுக் கூட்டு அணுக்கருவை உண்டாக்குகிறது. பிறகு, சூடேறிய நீரிலிருந்து ஆவி எழுவதுபோல நியூட்ரான் வெளியேறுகிறது. சுமார் 10 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி உச்சம் பெறும் விளைவு, இரண்டாவது நியூட்ரானும் வெளியேறத் தொடங்கியதும் சரிவதை இக்கொள்கை அழகுற விளக்குகிறது. ஆனால் இச்சித்திரம் மட்டுமே மெய்யெனில், உயர்ந்த சக்திகளில் விளைவு அநேகமாகப் பூஜ்யமாக வேண்டும். பரிசோதனைப் புள்ளிகளோ நீண்ட வாலாகத் தொடர்கின்றன! ஏன்? சமநிலை ஏற்படுமுன்னரே, முதற்சில மோதல்களிலேயே, வேகமிக்க நியூட்ரான் ஒன்று பெரும்பங்கு சக்தியைக் கவர்ந்துகொண்டு வெளியேறிவிடுகிறது. எஞ்சிய கருவுக்கு மற்றொன்றை உமிழச் சக்தி போதாது. 1966-இல் இயற்பியலாளர் கிரிஃபின் வகுத்த இம்மாதிரியைச் சேர்த்ததும் கணக்கும் வாலைத் தொடர்கிறது.

ஒன்றை வற்புறுத்த விரும்புகிறேன்: ஒரே வளைகோட்டுக்காகக் கணக்கின் அளவுருக்களைத் திருத்திப் பொருத்துவது விளக்கமாகாது, அதே விதிகள், அதே தகட்டில் பிறக்கும் துத்தநாகம்-62க்கும் இசைய வேண்டும். அடுக்கின் கடைசித் தகடுகளில் புரோட்டான்களின் சக்தி சிதறிவிடுவதால், அங்கே முரண்பாடு தோன்றின், கொள்கையைக் குறைகூறுமுன் அச்சக்தி மதிப்பையே முதலில் ஐயுற வேண்டும்.