கொப்பி ஏன் வெறுமையாக வருகிறது?

முற்பகல் 11.30. முன்பள்ளிக் கேற்றடியில் பிள்ளையை ஏற்ற வந்த நீங்கள், முதல் வேலையாகப் பையைத் திறந்து கொப்பியைப் பார்க்கிறீர்கள். ஒரு பூவுக்கு நிறம் தீட்டியிருக்கிறது. அதுவும் கோட்டுக்கு வெளியே. “இண்டைக்கு ரீச்சர் என்ன படிப்பிச்சவ?” “விளையாடினனாங்கள்.” வீடு வரும்வரை உங்கள் மனதில் ஒரே கேள்வி: இதற்கா மாதாமாதம் காசு கட்டுகிறோம்?

கேள்வி நியாயமானது. பதிலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்ப்போம்.

முன்பள்ளி என்பது எது? நேசறி, பாலர் பாடசாலை என்று நாங்கள் சொல்வதும், எங்கள் பாட்டன்மார் அரிவரி என்று சொன்னதும் ஏறக்குறைய இந்த இடத்தைத்தான். மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளுக்கு உரியது. யாழ்ப்பாணத்தில் பல முன்பள்ளிகளைச் சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ கோயிலோ தேவாலயமோ நடத்துகிறது. இலங்கையில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்கிப் பதினாறில் முடிகிறது. முன்பள்ளி அந்தக் கட்டாயத்துக்குள் வராது.

அப்படியானால் தரம் 1க்குப் போகும்போது பிள்ளை எழுத, வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டாமா? வேண்டாம். சனவரி 31இல் ஐந்து வயது நிரம்பியிருந்தால் போதும். பெரிய பள்ளிக்கூடங்களில் நடக்கும் நேர்முகத் தேர்வைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். அங்கே சோதிக்கப்படுவது உங்கள் வதிவிட ஆவணங்கள். பிள்ளையின் வாசிப்பு அல்ல. சேர்ந்த பிறகும் முதல் நாட்களில் ஆசிரியர் விளையாட்டு மூலம் ஒவ்வொரு பிள்ளையையும் கவனித்து, என்ன முடியும், எது கடினம் என்று குறித்துக்கொள்வார். எழுத்து அதன்பிறகுதான் தொடங்கும்.

சரி, தமிழில் என்னதான் படிக்கிறார்கள்? முதலில் காது. பனை, பட்டம், பல்லி மூன்றும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன என்று நாலு வயதுப் பிள்ளை கண்டுபிடிப்பது சின்ன விஷயம் இல்லை. இதற்கு ஒலியுணர்வு (சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைக் காதால் பிரித்து அறிவது) என்று பெயர். இது வராத பிள்ளை 247 எழுத்தையும் ஒப்புவிக்கும், ஆனால் எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறும்.

பாட்டுப் பாடுவது பொழுதுபோக்கு என்று நினைக்கிறீர்களா? நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை எடுங்கள். கூழுக்கும் கொழுக்கட்டைக்கும் என்னென்ன வேண்டும், எதற்குப் பிறகு எதைச் செய்வது என்று வரிசையாக வரும். அதை அபிநயத்தோடு பாடும் பிள்ளை புதிய சொற்களைப் பிடிக்கிறது, நிகழ்ச்சிகளை ஒழுங்காகச் சொல்லவும் பழகுகிறது. பின்னாளில் கட்டுரை எழுதுவதற்கு அடித்தளம் இதுதான்.

வீட்டில் “அவன் வாறான்” என்கிறோம், கதைப் புத்தகத்தில் “வருகிறான்” என்று இருக்கிறது, பிள்ளை குழம்பாதா? குழம்பாது, நீங்கள் அதட்டாவிட்டால். கதையை உள்ளபடி வாசியுங்கள், பிறகு வீட்டுப் பேச்சில் அதைப் பற்றிக் கதையுங்கள். இரண்டும் தமிழ்தான் என்று பிள்ளை தானே விளங்கிக்கொள்ளும்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்கியாயிற்றே, இன்னும் ஏன் எழுத்து இல்லை என்று அப்பம்மா கேட்பா. அரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பது ஆசீர்வாதம். அடுத்த நாளே பென்சில் கொடுக்கச் சொல்லும் உத்தரவு அல்ல. கையின் கணக்கில் பார்த்தால் சுழியும் வளைவும் கொண்ட ‘அ’ கடினமான எழுத்து. ‘ட’வும் ‘ப’வும் நேர்கோடுகள், அவை முதலில் வரும். மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிறு எலும்புகளில் எல்லாமே ஐந்து வயதில் எலும்பாகி முடிந்திருப்பதில்லை. சில இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கும். விரல்களை ஆளும் சிறு தசைகளும் வலுப்பெற வேண்டும். களிமண் உருட்டுவது, கடதாசி கிழித்து ஒட்டுவது, மணி கோர்ப்பது எல்லாம் அந்தக் கைக்கான பயிற்சி. வீட்டில் ரொட்டிக்கு மா குழைக்கும்போது ஒரு உருண்டையைக் கொடுத்துப் பாருங்கள். பழைய திண்ணைப் பள்ளியிலும் மணலில் விரல் ஓடிய பிறகுதான் எழுத்தாணி கைக்கு வந்தது.

கணக்கு எப்படி? இதில்தான் பெற்றோர் அதிகம் ஏமாறுகிறார்கள். நூறுவரை மளமளவென்று சொல்லும் பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டையைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள். விரல் நாலாவது கொட்டையில் நிற்கும், வாய் ஆறுக்குப் போயிருக்கும். நூறுவரை சொன்னது பாட்டு; எண்ணத் தெரிவது வேறு. ஒரு கொட்டைக்கு ஒரு எண், கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம்: இந்த இரண்டும் முன்பள்ளிக் கணக்கின் உயிர். பத்துவரை இப்படி வந்தாலே நல்ல முன்னேற்றம்.

இன்னொன்றையும் செய்து பாருங்கள். ஏழு ஏழாக இரண்டு வரிசை, ஒன்றுக்கு நேரே ஒன்று வையுங்கள். இரண்டும் சமன் என்று பிள்ளை ஒப்புக்கொள்ளும். இப்போது அதன் கண் முன்னாலேயே ஒரு வரிசையை மட்டும் அகட்டி வையுங்கள். “எதிலை கூட இருக்கு?” நாலு வயதில் பெரும்பாலான பிள்ளைகள் நீண்ட வரிசையைக் காட்டுவார்கள். அளவு மாறாமை (இடம் மாற்றி வைத்தாலும் எண்ணிக்கை மாறாது என்ற விளக்கம்) இன்னும் வரவில்லை. சுவிற்சர்லாந்து அறிஞர் ஜீன் பியாஜே உலகுக்குக் காட்டிய சோதனை இது. ஆறு, ஏழு வயதளவில் தானே தெளியும். அதுவரை எழுத்தில் கூட்டலும் கழித்தலும் திணிப்பது வீண் வேலை. பதிலாக, “ஆளுக்கு ரெண்டு வடை வை” என்று சொல்லுங்கள். பெரியது சிறியது பார்த்து வெங்காயத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். (ஒரு எச்சரிக்கை: குன்றிமணி வேண்டாம், அதன் பருப்பு நஞ்சு. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கை பக்கத்தில் இருந்தால் சிறு கொட்டைகளே வேண்டாம்.)

சுற்றாடலுக்குப் பாடப் புத்தகம் தேவையில்லை. ஆறு ஓடாத எங்கள் ஊரில் கிணற்றுத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கேட்டால், மழையையும் நிலத்தையும் சுண்ணாம்புக் கல்லையும் பற்றி ஒரு மாதம் கதைக்கலாம். கிணற்றுக் கட்டில் ஏறக்கூடாது என்பதும் இந்தப் பாடம்தான்.

ஆங்கிலம்? பாட்டாகவும் விளையாட்டாகவும் வரட்டும், நல்லது. ஆனால் பிள்ளை தன் வயிற்றுநோவைச் சொல்லும் மொழியிலேயே முதலில் யோசிக்கப் பழக வேண்டும். ஆங்கிலத்தில் நிறப் பெயர் பத்துச் சொல்லிவிட்டு, தமிழில் நடந்ததை நாலு வசனம் சொல்ல முடியாமல் நிற்கும் பிள்ளைக்காகத்தான் நான் கவலைப்படுவேன்.

கொப்பியில் ஒருபோதும் தெரியாத பாடம் ஒன்று உண்டு: தன் வேலையைத் தானே செய்வது. சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்பது, சப்பாத்துப் போடுவது, வரிசையில் நிற்பது, அழாமல் “ரீச்சர், பாத்ரூம் போகவேணும்” என்று கேட்பது. தரம் 1 வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்தால், முதல் மாதத்தில் நிம்மதியாக இருப்பது எழுத்துத் தெரிந்த பிள்ளையல்ல, இது தெரிந்த பிள்ளை.

“பக்கத்து வீட்டுப் பிள்ளை நூறு வரைக்கும் எழுதுது” என்பீர்கள். எழுதட்டும். பின்லாந்தில் பாடசாலை தொடங்குவது ஏழு வயதில். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தின் இரண்டு வருட பாலர் வகுப்பும் விளையாட்டை வைத்துத்தான் நடக்கிறது. அங்கே பிள்ளையை அனுப்பும் உங்கள் மச்சாளைக் கேட்டுப் பாருங்கள். புலமைப்பரிசில் ஓட்டத்தை மூன்று வயதில் தொடங்கிவைப்பது நாங்கள்தான்.

அப்போ நல்ல முன்பள்ளியை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நாள் காலையில் போய் அரை மணித்தியாலம் நில்லுங்கள். பிள்ளைகள் கதைக்கும் சத்தம் கேட்கிறதா, ரீச்சரின் சத்தம் மட்டும் கேட்கிறதா? பொருட்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் உள்ளனவா, அலுமாரிக்குள் பூட்டியா? மலசலகூடத்தையும் பாருங்கள். வீட்டுவேலையாகப் பக்கம் பக்கமாக எழுதத் தருகிற இடமென்றால், ஏன் என்று கேட்கத் தயங்காதீர்கள்.

வெறுமையான கொப்பிக்குப் பயப்பட வேண்டாம். ஆனால் நாலு வயது தாண்டியும் பிள்ளை பேசுவது வெளியாருக்கு விளங்கவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, மற்றப் பிள்ளைகளோடு சேர்வதே இல்லை என்றால் “வளர வளரச் சரிவரும்” என்று காத்திருக்காதீர்கள். கிளினிக்கில் தந்த வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரை இந்த வாரமே பாருங்கள்.